ஹட்டனில் ஒரு குங்ஃபூ வகுப்பு: முதல் மூன்று மாதம் நிற்கத்தான் கட்டணம்

பிள்ளைகளைக் குங்ஃபூ வகுப்புக்கு அனுப்ப நினைக்கிற நாலைந்து பேர் என்னிடம் விசாரித்துவிட்டார்கள். நான் வேலை பார்ப்பது மருந்துக்கடையில். மாத்திரை எண்ணிக்கொண்டே ஒவ்வொருவருக்கும் அரைகுறையாகப் பதில் சொல்வதைவிட ஒரேயடியாக எழுதிவிடுவது நல்லது என்று பட்டது. நானும் என் மகளும் சேர்ந்து இந்த வகுப்புக்குப் போகத் தொடங்கி இந்த மாதத்தோடு 11 மாதம் ஆகிறது. அவளுக்கு 10 வயது, எனக்கு 38.

டிக்கோயா போகிற வீதியில், ஹட்டன் டவுனைத் தாண்டிக் கொஞ்சத் தூரத்தில், ஓர் இரும்புச் சாமான் கடையின் மேல்மாடியில் வகுப்பு நடக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. கடைக்குப் பக்கவாட்டில் ஏறுகிற படிக்கட்டில் மழைக்காலத்தில் பாசி பிடிக்கும், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறுங்கள். மேலே போனால் ஒரு நீளமான அறை, சீமெந்துத் தரை, தகரக் கூரை, ஒரு பக்கச் சுவரில் கம்புகள் சாத்தியிருக்கும், அவ்வளவுதான். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே ஏழெட்டு வரிசையாகப் பிள்ளைகள் அசையாமல் உட்கார்ந்த மாதிரி நிற்பது தெரியும்.

அந்த நிற்பதுதான் ஊரில் எல்லாரும் இந்த வகுப்பைப் பற்றிச் சொல்கிற குறை. "காசை வாங்கிட்டு மூணு மாசமா நிக்கத்தான் வச்சான்" என்று ஒரு தகப்பன் கடைக்கு வந்து என்னிடமே சொன்னார், பிள்ளையை நிறுத்தியும்விட்டார். அவர் சொன்னதில் பொய் இல்லை. முதல் மூன்று மாதம் இங்கே உதை கிடையாது, குத்து என்றால் நின்ற இடத்தில் நின்றபடி போடுகிற நேர்க்குத்து மட்டும், மற்றதெல்லாம் நிலைப் பயிற்சிதான். நான் எழுத வந்ததே இதற்காகத்தான். அந்த மூன்று மாதம்தான் இந்த வகுப்பில் காசு கொடுத்து வாங்க வேண்டிய சரக்கு. அதை விட்டுவிட்டு உதை மட்டும் வேண்டும் என்றால் உதை சொல்லிக்கொடுக்கிற இடங்கள் நிறைய இருக்கின்றன.

அப்படி ஓர் இடத்துக்கு நாங்கள் முதலில் போயிருந்தோம். ஊர், பெயர் எதுவும் வேண்டாம். முதல் வாரமே பக்க உதை, இரண்டாவது வாரம் சுழன்று அடிக்கிற உதை, மூன்று மாதத்துக்கு ஒரு பரீட்சை, பரீட்சைக்குத் தனிக் கட்டணம், புது நிறத்தில் ஒரு பெல்ட். மகளுக்குச் சந்தோஷம், எனக்கும்தான். ஐந்தாவது மாதம் ஒரு நாள் முட்டியைப் பிடித்துக்கொண்டு வந்தாள். உதைத்த கால் என்று நினைத்துக் கேட்டேன், இல்லை, நின்ற கால். வலது காலைச் சுழற்றி உதைத்திருக்கிறாள், உடம்பு முழுக்கத் திரும்பியிருக்கிறது, ஆனால் தரையில் ஊன்றிய இடது பாதம் திரும்பாமல் அப்படியே ஒட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. மேலே தொடை திரும்பிவிட்டது, கீழே பாதம் திரும்பவில்லை, நடுவில் மாட்டிக்கொண்டது முட்டி. ஆறு வாரம் கட்டுப் போட்டு, பாடசாலைக்கு ஓட்டோவில் அனுப்பினேன். காலைத் தூக்குவது எப்படி என்று அந்த ஐந்து மாதத்தில் ஒவ்வொரு நாளும் சொல்லிக்கொடுத்தார்கள், தூக்காத காலில் நிற்பது எப்படி என்று ஒரு நாளும் சொல்லவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

முட்டி குணமான பிறகு இவள் விடவில்லை, மறுபடியும் போக வேண்டும் என்றாள். விசாரித்து இங்கே வந்தோம். மாஸ்டர் அவளை எதுவும் செய்துகாட்டச் சொல்லவில்லை, அறையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நடக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "நீங்களும் நடங்க தங்கச்சி" என்றார். நான் சேர வரவில்லை என்றேன். "இடது பக்கம் சாஞ்சு நடக்கிறீங்க, இடுப்பு வலி இருக்குமே" என்றார். இருந்தது. ஒரு நாளைக்கு ஒன்பது மணித்தியாலம் கவுண்டருக்குப் பின்னால் நிற்கிற வேலை எனக்கு, 14 வருடமாக ஒரே காலில் பாரம் போட்டு நின்றுகொண்டிருக்கிறேன் என்பது அவர் சொல்லித்தான் தெரிந்தது. அன்றைக்கே நானும் பெயர் கொடுத்தேன்.

இனி அந்த நிற்பதைப் பற்றிச் சொல்கிறேன், கொஞ்சம் விரிவாகவே.

முதலில் வருவது குதிரை நிலை, சீனத்தில் மா பு என்பார்கள். மாஸ்டர் சொல்லித்தருவது வடசீனத்து நீள்கை வழி, கை கால்களை நன்றாக நீட்டிச் செய்கிற வகை, அதில் இரண்டு பாதத்துக்கும் நடுவே உங்கள் பாதத்தின் நீளத்தில் மூன்று மடங்கு இடைவெளி வேண்டும். ஆளுக்கு ஆள் பாதம் வேறு என்பதால் முதல் நாளே ஒவ்வொருவருக்கும் அளந்து, தரையில் சோக்கால் இரண்டு கோடு போட்டுவிடுவார். பாதம் இரண்டும் நேரே முன்னால் பார்க்க வேண்டும். அப்படியே உட்கார வேண்டும், தொடை தரைக்குச் சமாந்தரமாக வரும்வரை. முட்டி கால்விரலைத் தாண்டி முன்னால் போகக்கூடாது, உள்பக்கமும் விழக்கூடாது. பின்புறம் தூக்கிக்கொண்டு நிற்காமல் இடுப்பைக் கொஞ்சம் உள்ளே வாங்க வேண்டும். முதுகு நேர், தாடை லேசாக உள்ளே, உச்சந்தலையை யாரோ நூல் கட்டி மேலே இழுப்பது போல.

மகள் பாடசாலையில் கொஞ்ச நாள் பரதம் பழகியவள், இதைப் பார்த்ததும் "அரைமண்டி மாதிரி" என்றாள். மாஸ்டருக்கு அது பிடித்துப்போய்விட்டது. அரைமண்டியில் குதிகால் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், பாதமும் முட்டியும் வெளிப்பக்கம் திரும்பும், இங்கே கால் அகலம், பாதம் நேர். ஆனால் முட்டி எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமே பாதமும் பார்க்க வேண்டும் என்பது இரண்டிலும் ஒன்றுதான், அதில் பிசகினால் இரண்டிலும் முட்டிதான் போகும் என்று அவளுக்கு விளக்கினார். இவளுக்கு அடிபட்டதும் அதே காரணத்தால்தான். 10 வயதுப் பிள்ளைக்கு அது அந்த நொடியில் புரிந்துவிட்டது.

விளக்குமாற்றுக் கம்பு ஒன்றை முதுகோடு சேர்த்துப் பிடிப்பார். பின்தலை, மேல்முதுகு, இடுப்புக்குக் கீழே உள்ள எலும்பு, இந்த மூன்றும் கம்பில் பட வேண்டும். ஒன்று விலகினாலும் எழுந்து நின்று மறுபடி முதலிலிருந்து. நான் முதல் நாள் சரியாக நின்றது 20 விநாடி இருக்கும், அதற்குள் தொடை இரண்டும் நடுங்கத் தொடங்கிவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் நிற்கப் பார்த்தேன், மாஸ்டர் தோளில் தட்டி எழுப்பிவிட்டார். கோணலாக இரண்டு நிமிடம் நிற்பதைவிட ஒழுங்காக 20 விநாடி நிற்பது மேல் என்பது அவருடைய கணக்கு. தொடைமேல் தண்ணீர்க் கிண்ணம் வைப்பது, ஊதுபத்தி எரிந்து முடியும்வரை நிற்கச் சொல்வது இதெல்லாம் இங்கே கிடையாது. யார் அதிக நேரம் நிற்கிறார்கள் என்று பிள்ளைகள் போட்டி போட்டால் உடனே நிறுத்திவிடுவார்.

ஏன் அப்படி எரிகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், மருந்துக்கடைப் பழக்கம். தசை நீளாமலும் குறுகாமலும் ஒரே அளவில் இறுகி நிற்கும்போது உள்ளே ஓடுகிற இரத்தக் குழாய்களையும் சேர்த்து நெருக்குகிறது, வேலை கூடுகிறது, இரத்த ஓட்டம் குறைகிறது, அதனால்தான் நெருப்பு வைத்தது போல இருக்கிறது. இந்த மாதிரி இறுக்கத்தில் மூச்சைப் பிடித்தால் இரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். பிரசர் மாத்திரை எடுக்கிறவர்கள் டொக்டரிடம் கேட்காமல் இதில் இறங்க வேண்டாம், கேட்ட பிறகும் மூச்சைப் பிடிக்காமல் செய்ய வேண்டும். மாஸ்டர் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார், எனக்கு மிகவும் பிடித்த விசயம் இது. குதிரை நிலையில் நிற்கும்போது பிள்ளைகள் சத்தமாக வாய்ப்பாடு சொல்ல வேண்டும். தமிழ்ப் பிள்ளைகள் தமிழில், சிங்களப் பிள்ளைகள் சிங்களத்தில், ஒரே நேரத்தில். வாய் பேசிக்கொண்டிருந்தால் மூச்சைப் பிடிக்க முடியாது. என் மகளுக்கு ஏழாம் வாய்ப்பாடு சரளமாக வந்தது அந்தச் சீமெந்துத் தரையில்தான்.

இரண்டாவது மாதம் வில் நிலை, கோங் பு. முன்கால் மடங்கித் தொடை கிட்டத்தட்டச் சமமாக வரும், பின்கால் நேராக நீண்டு, குதிகால் எழும்பாமல் தரையை அழுத்தும். எனக்கு இது வரவே இல்லை. முன்கால்மேல் விழுவேன், இல்லாவிட்டால் பின்கால் குதி எழும்பிவிடும். மூன்று வாரம் போனது. ஒரு நாள் மாஸ்டர் கேட்டார்:

"அம்மா கொழுந்து எடுத்தவங்களா?"

"ஆமா மாஸ்டர், 31 வருசம்."

"அப்ப என்கிட்ட எதுக்குக் கேக்கிறீங்க? மலையில எப்படி நின்னாங்கன்னு அவங்கள நின்னு காட்டச் சொல்லுங்க."

அம்மா இப்போது வேலைக்குப் போவதில்லை, நோர்வூட் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் அதே லயத்து வரிசை வீட்டில்தான் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை போய்க் கேட்டேன். அவருக்கு முதலில் என்ன கேட்கிறேன் என்றே விளங்கவில்லை, நிற்கிறதில் என்ன இருக்கிறது என்றார். லயத்துக்குப் பின்னால் மலை ஏறுகிற இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். புடவையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு, தேயிலை வரிசைக்குள் இறங்கி நின்றார். மேட்டுப் பக்கத்துக் கால் மடங்கியிருந்தது, பள்ளத்துப் பக்கத்துக் கால் நேராக, குதி முழுக்க மண்ணில். முதுகு சாயவில்லை, இரண்டு கையும் சும்மா கிடந்தது. சோக்குக் கோடு இல்லாமல், விளக்குமாற்றுக் கம்பு இல்லாமல், மாஸ்டர் மூன்று வாரமாக என்னிடம் கேட்ட அதே வில் நிலை.

"கீழ்க்கால் ஊணலைன்னா கூடையோட உருள வேண்டியதுதான்" என்றார். மழை நாளில் மண் வழுக்கும், முதுகில் நனைந்த கொழுந்தின் பாரம், கூடைக் கயிறு தலையை இழுக்கும், இரண்டு கையும் செடிமேல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், ஆகவே பிடித்துக்கொள்ளக் கை கிடையாது. கால்தான் பிடிமானம். பேருக்கு, அதாவது ஒரு நாள் முழுச் சம்பளத்துக்கு, தேவையான கிலோவை எடுக்க வேண்டும் என்றால் காலைப் பற்றி நினைத்துக்கொண்டிருக்கவும் நேரம் கிடையாது, அது தானாக ஊன்றிக்கொள்ள வேண்டும். நான் அம்மாவுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தேன். சமதரையில் வராதது சரிவில் ஐந்து நிமிடத்தில் வந்தது, ஏனென்றால் பின்கால் பொய் சொன்னால் உடனே கீழே இழுத்துவிடுகிறது. அடுத்த சனிக்கிழமை மாஸ்டர் என் நிலையைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் அடுத்த ஆளிடம் போய்விட்டார். அவர் ஒன்றும் சொல்லாமல் போனால் சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.

இதன் பிறகுதான் குத்து எங்கிருந்து வருகிறது என்பதும் எனக்குப் புரிந்தது. குத்துவது கை என்றுதான் நினைத்திருந்தேன். பின்காலின் குதி தரையைத் தள்ளுகிறது, அந்தத் தள்ளு தொடை வழியாக இடுப்புக்கு வருகிறது, இடுப்பு திரும்புகிறது, தோள் போகிறது, கடைசியில்தான் விரல் மடக்கிய கை. வேர் பாதத்தில், ஆட்சி இடுப்பில், வெளிப்படுவது விரலில் என்று தைச்சி என்கிற மெதுவான சீனப் பயிற்சி செய்கிறவர்களும் இதைத்தான் சொல்கிறார்கள். குதி எழும்பினால் அந்தச் சங்கிலியில் முதல் கண்ணியே அறுந்துவிடும், மிச்சம் தோளின் பலம் மட்டும். மாஸ்டர் இதை நிரூபிக்கச் சுவரில் சாய்த்த பழைய மெத்தையை முதலில் குதியைத் தூக்கிக் குத்தச் சொன்னார், அப்புறம் ஊன்றிக் குத்தச் சொன்னார். சத்தமே வேறு.

சண்டையில் யாராவது குதிரை நிலையில் நிற்பார்களா என்று வகுப்பில் ஓ.எல். பரீட்சைக்குப் படிக்கிற ஒரு பையன் கேட்டான், நியாயமான கேள்விதான். யாரும் நிற்பதில்லை. நிலை என்பது ஓடுகிற அசைவில் ஒரு நொடியைப் பிடித்து நிறுத்திவைத்தது என்றார் மாஸ்டர். முன்னால் தள்ளிக் குத்துகிற அசைவு முடிகிற இடம் வில் நிலை. பாரம் முழுக்கப் பின்காலில், முன்கால் விரல் மட்டும் தரையைத் தொடுகிற வெற்று நிலை, ஷூ பு, பின்வாங்குகிறபோதும் முன்காலால் உதைக்கப் போகிறபோதும் வருகிறது. ஒரு காலில் முழுக்கக் குந்தி மறுகாலைத் தரையோடு நீட்டுகிற பு பு, தலைக்கு வருகிற அடிக்குக் கீழே போய் எழும்புவது. காலைப் பின்னிக்கொண்டு குந்துகிற சியே பு, உடம்பைத் திருப்புகிற இடம். இந்த ஐந்தையும் கோர்த்து வூ பு சுவான், அதாவது ஐந்து நிலைக் குத்துவரிசை என்று ஒன்று இருக்கிறது, புதிதாகச் சேர்கிறவர்களுக்கு முதலில் வருகிற வரிசை பெரும்பாலும் அதுதான். எங்களுக்கு அது நான்காவது மாதம் வந்தது. அந்த மூன்று மாதம் நின்றவர்களுக்கு இரண்டே வாரத்தில் பிடிபட்டது. இடையில் வந்து சேர்ந்த ஒரு பெரிய பையன், வேறு இடத்தில் இரண்டு வருடம் பழகியவன், கை எல்லாம் அழகாக வருகிறது, ஒவ்வொரு திருப்பத்திலும் தடுமாறுகிறான்.

அதற்காக நின்றுகொண்டே இருந்தால் போதும் என்பதும் சரியில்லை. அசையாமல் நின்று வளர்க்கிற பலம் பெரும்பாலும் நின்ற அந்தக் கோணத்தை ஒட்டித்தான் வளரும், முட்டியை அதைவிட மடக்கினாலோ நீட்டினாலோ அந்த அளவுக்குப் பலம் கூடியிருக்காது. பழைய ஆசிரியர்கள் சிலர் வருடக்கணக்கில் குதிரை நிலையில் மட்டும் நிற்கவைத்த கதைகளைக் கேட்டிருப்பீர்கள், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இங்கே இரண்டாவது மாதக் கடைசியிலிருந்து ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்கு நடக்க வைக்கிறார், தலை மேலும் கீழும் ஆடாமல், மெதுவாக, அறையின் நீளத்துக்கு. நிற்பதைவிட இது கஷ்டம். சிலம்பத்தில் கம்பைக் கையில் கொடுப்பதற்கு முன்னால் காலடி பழக்குவார்களே, அதே காரியம். மாஸ்டர் கம்பு தருவது எட்டாவது மாதத்தில்தான், சுவரில் சாத்தியிருப்பதைப் பார்த்துப் பிள்ளைகள் ஏங்குவார்கள்.

போதிதர்மர் காஞ்சிபுரத்திலிருந்து போய்ச் சீனாவுக்குக் குங்ஃபூ சொல்லிக்கொடுத்தவர், ஆகவே இது நம்முடைய கலை என்று சொல்லிக்கொண்டு பிள்ளைகளைச் சேர்க்க வருகிற பெற்றோர் நிறையப் பேர். மாஸ்டர் அவர்களை அப்படியே அனுப்புவதில்லை, உட்காரவைத்து உள்ளதைச் சொல்வார். போதிதர்மர் கதையில் வருகிற, குங்ஃபூவுக்குப் பேர்போன ஷாவோலின் மடம் 495இல், வட வெய் அரசர் ஷியாவென் காலத்தில், சீனத்தில் பாதுவோ என்று அழைக்கப்பட்ட ஓர் இந்தியத் துறவிக்காகக் கட்டப்பட்டது. போதிதர்மர் அதற்குப் பின்னால் வந்தவர். அவர் துறவிகளுக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்தார் என்கிற கதை எழுத்தில் வருவது 17ஆம் நூற்றாண்டில்தான், அவருக்கு ஆயிரம் வருடத்துக்கு மேல் பிந்தி. அந்த மடத்தின் ஆயிரம் புத்தர் மண்டபத்தில் செங்கல் தரையில் வரிசையாகக் குழிகள் இருக்கின்றன, தலைமுறை தலைமுறையாகத் துறவிகள் காலை ஊன்றி ஊன்றிப் பழகியதால் விழுந்தவை என்பது அங்குள்ள வழக்கு. மாஸ்டர் அந்தக் குழிகளின் படத்தைத் தொலைபேசியில் காட்டுவார். பெருமை பேச வந்த பெற்றோர் படத்தைப் பார்த்துவிட்டு அமைதியாகிவிடுவதை நானே பார்த்திருக்கிறேன்.

சரி, எனக்கு என்ன கிடைத்தது? முதலாவது, இடுப்பு வலி. முழுக்கப் போகவில்லை, ஆனால் இரவில் வெந்நீர்ப் பை வைத்துப் படுப்பது நின்றுவிட்டது. கவுண்டரில் நிற்கும்போது எந்தக் காலில் பாரம் இருக்கிறது என்பது இப்போது எனக்கே தெரிகிறது, மாற்றிக்கொள்கிறேன். குதிரை நிலையில் இரண்டு நிமிடம் ஒழுங்காக நிற்க முடிகிறது. பொகவந்தலாவ பஸ்ஸில் டிக்கோயாவுக்கும் நோர்வூட்டுக்கும் நடுவே உள்ள வளைவுகளில் முன்பெல்லாம் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்குவேன், இப்போது ஒரு கையில் மகளின் பையும் மறுகையில் மரக்கறிப் பையும் வைத்துக்கொண்டு நிற்கிறேன், முட்டியை லேசாக மடக்கிப் பாரத்தைக் கீழே விட்டால் வளைவு வருவதைக் கால் முதலிலேயே பிடித்துக்கொள்கிறது. மகள் இப்போது உதைக்கிறாள், ஏழாவது மாதத்திலிருந்து. ஒவ்வொரு உதையிலும் நான் பார்ப்பது நிற்கிற காலைத்தான். பாதம் திரும்புகிறது. முட்டியில் இதுவரை ஒரு வலியும் இல்லை.

குறைகளும் உண்டு, மறைக்க மாட்டேன். உடை மாற்ற இடம் இல்லை, பெண்கள் வீட்டிலிருந்தே தளர்வான காற்சட்டையும் டீசேர்ட்டும் போட்டுக்கொண்டு வர வேண்டும். கழிப்பறை ஒன்றுதான், அதுவும் கீழே கடைக்காரருடையது, சாவி கேட்டு வாங்க வேண்டும். வளர்ந்த பெண்கள் என்னோடு சேர்த்து நாலு பேர்தான், நிலையைத் திருத்தும்போது மாஸ்டர் எங்களைக் கையால் தொடுவதில்லை, கம்பால் காட்டுவார், இல்லாவிட்டால் மூத்த மாணவி ஒருத்தியைக் கூப்பிடுவார். அந்த விசயத்தில் எனக்கு முழுத் திருப்தி. ஆனால் சனிக்கிழமை வகுப்பில் சில நாள் 30 பேர் வருகிறார்கள், ஒரு ஜோடிக் கண் 60 முட்டியைப் பார்க்க முடியாது. பின்வரிசையில் முட்டி உள்ளே விழுந்தபடி நிற்கிற சின்னப் பிள்ளைகளை நானே இரண்டு மூன்று தடவை திருத்தியிருக்கிறேன். நிலைப் பயிற்சி தப்பாகச் செய்தால் நன்மைக்குப் பதில் கெடுதல்தான், ஆகவே ஆள் எண்ணிக்கையை அவர் குறைத்தே ஆக வேண்டும், அவரிடமே சொல்லியிருக்கிறேன். கண்ணாடி இல்லாததும் எனக்குக் குறைதான். கண்ணாடி வைத்தால் தலை அந்தப் பக்கம் போகும், உடம்பு உள்ளுக்குள் உணர்வதை நம்பப் பழகு என்கிறார். ஆறு மாதம் பழகியவர்களுக்கு அது சரி. புதிதாக வந்தவருக்குத் தன் முதுகு வளைந்திருப்பது எப்படித் தெரியும்? ஒரே ஒரு கண்ணாடியாவது ஓரத்தில் வைக்கலாம்.

ஜூன், ஜூலை மழையில் தகரக் கூரையின் சத்தத்தில் அவர் சொல்வது பின்வரிசைக்குக் கேட்காது, தரையும் ஈரம் கசியும். டிசம்பர், ஜனவரியில் விடிகாலைக் குளிரில் தரையில் பாதம் வைக்க முடியாது, மெல்லிய அடி உள்ள கென்வஸ் சப்பாத்து ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், தடித்த அடி வைத்த ஓட்டச் சப்பாத்து வேண்டாம், தரை தெரியாது. குளிர் மாதங்களில் உடம்பைச் சூடாக்குகிற பயிற்சி 20 நிமிடம் நடக்கும், 35 தாண்டியவர்களுக்கு அது போதாது. நான் கொஞ்சம் முன்னாலேயே போய் வீதியில் ஒரு சுற்று வேகமாக நடந்துவிட்டு ஏறுவேன்.

கட்டணம் பெரியவர்களுக்கு மாதம் 2500 ரூபா, பிள்ளைகளுக்கு 1500, ஒரே வீட்டில் இரண்டாவது பிள்ளைக்குப் பாதி. தோட்டத்துப் பிள்ளைகளுக்குச் சம்பளம் போட்ட பிறகு கொடுத்தாலும் ஒன்றும் சொல்ல மாட்டார், ஒரு மாதம் தவறினாலும் பிள்ளையை வாசலில் நிறுத்துவதில்லை. பெல்ட் இல்லை, பரீட்சைக் கட்டணம் இல்லை, சீருடை கட்டாயம் இல்லை. புதன் மாலை 5 மணி வகுப்பு முடிய 6.30 ஆகும். மஸ்கெலியா, பொகவந்தலாவ பக்கம் தூரத்தில் இருக்கிறவர்கள் பஸ்ஸை யோசித்துக்கொண்டு சேருங்கள், நாங்கள் அதனால்தான் சனி, ஞாயிறு மட்டும் போகிறோம். 7 வயதுக்குக் கீழே சேர்ப்பதில்லை. முட்டி சத்திரசிகிச்சை செய்தவர்கள், கர்ப்பிணிகள் வந்தால் அவரே திருப்பி அனுப்பிவிடுவார். போட்டிக்கு, பதக்கத்துக்கு, மேடையில் செய்துகாட்டுவதற்கு என்று சீக்கிரம் தயாராக வேண்டும் என்றால் இது உங்களுக்கான இடம் இல்லை.

ஐந்துக்கு நாலு கொடுப்பேன். ஆள் எண்ணிக்கையைக் குறைத்தால் மிச்ச ஒன்றையும் கொடுத்துவிடுவேன். சேர்ந்தால் மூன்று மாதம் முடியும்வரை பிள்ளையிடம் "இன்னைக்கு என்னா படிச்ச, செஞ்சு காட்டு" என்று கேட்காதீர்கள், பக்கத்தில் நின்று நீங்களும் அரை நிமிடம் நின்று பாருங்கள். புதிய ஆட்களை மாதத்தின் முதல் சனிக்கிழமை மட்டும்தான் எடுக்கிறார். காலை 6 மணிக்கு முன்னால் போய்விடுங்கள், 6.05க்குக் கதவைச் சாத்திவிடுவார்.